பௌர்ணமிக்கு மட்டும் விடுமுறை

1

காரைக்காலில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இந்த ஊரில் நிலா முழுதாக வந்துவிட்டால் சாராயக் கடைக்குப் பூட்டு. மாதம் தவறாமல் இது நடக்கிறது. போயா என்கிறார்கள், புத்தருக்கான நாள். அன்றைக்கு நாடு முழுக்க ஒரு சொட்டு விற்கக் கூடாது. நம்மூரில் வருஷத்துக்கு ஒருமுறை காந்தி ஜெயந்திக்குக் கடையைச் சாத்தச் சொன்னாலே, பார் நடத்திய என் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மாதாமாதம் என்றால் மனுஷன் பாயைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

நான் வேலை செய்வது திருகோணமலையில், உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பாரின் குசினியில். குசினி என்றால் சமையலறை. பன்னிரண்டு வருஷத்தில் இந்த மாதிரிச் சொற்கள் என் வாயில் குடியேறிவிட்டன. எனக்குத்தான் இன்னும் ஒழுங்காகக் குடியேற வாய்க்கவில்லை.

இன்று போயா. பார் பூட்டு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பார்க்காரர்களுக்கு லீவு என்று ஒன்று இருந்தால் அது போயாவுக்கு மட்டும்தான். கெட்ட காலம், அன்றைக்கு அரசாங்கத்துக்கும் லீவு. கச்சேரி என்கிற மாவட்ட ஆபீஸ் பூட்டு, தபால் கந்தோர் பூட்டு, கொழும்பில் விசா கொடுக்கிற கந்தோரும் பூட்டு. எனக்கு நேரம் இருக்கிற நாளில் நாட்டில் ஒரு கதவும் திறந்திருக்காது. கதவெல்லாம் திறந்திருக்கிற நாளில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பேன். இப்படியே போய்ப் போய் என் விசா காலாவதியாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

விசா இல்லாமல் ஒன்பது வருஷம் இருந்தவள் வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. உள்ளே என் புருஷனும் மகளும் இருக்கிறார்கள். வெளியே, கடலுக்கு அந்தப் பக்கம், என் அப்பா இருக்கிறார். அவரைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம். இப்போது காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. நாகப்பட்டினத்தில் இறங்கி பஸ் பிடித்தால் அரை மணியில் எங்கள் வீட்டு வாசல். அந்தக் கப்பல் படத்தை முதன்முதலில் பேப்பரில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2

எங்கள் வீடு வாஞ்சூரில், காரைக்காலின் தெற்கு ஓரத்தில். வாசலில் நின்று கல்லெறிந்தால் தமிழ்நாட்டில் போய் விழும். கீழே அப்பாவின் பார், மேலே நாங்கள். நாகூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆம்பளைகள் எல்லைக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து புதுச்சேரி அரசாங்கத்துக்குள் வருவார்கள். இங்கே சரக்கு மலிவு. வரும்போது தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள், போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். திரும்பும் வழியில் சோதனைச் சாவடி உண்டு, பையில் பாட்டில் இருந்தால் போலீஸ் பிடிக்கும். அதனால் வாங்கியதையெல்லாம் அங்கேயே தீர்த்துவிடுவார்கள்.

"வயித்துல வெச்சு எடுத்துட்டுப் போனா எந்தப் போலீஸ்யா பிடிப்பான்?" என்பார் அப்பா. அவர் ஒரு நாளும் குடித்ததில்லை.

அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். நானும் தம்பியும்தான். நெத்திலி வறுவலும் குடல் வறுவலும் நான் அந்தக் கடையின் பின்கட்டில்தான் கற்றுக்கொண்டேன். படிப்பிலும் மோசமில்லை. ஆனால் பார்க்காரர் பொண்ணு என்று தெரிந்தால் பெண் பார்க்க வந்தவர்கள் காபி ஆறுவதற்குள் எழுந்துவிடுவார்கள். அதில் ஒருத்தர் மேலே எங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போகும்போது கீழே ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டுத்தான் போனார். அப்பா அவருக்குச் சுண்டல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் கடைக்குப் பெயிண்ட் அடிக்க ரவி வந்தார். இலங்கை அகதி. சின்ன வயதில் திருகோணமலையிலிருந்து படகில் வந்து முகாமில் வளர்ந்தவர். சுவருக்குப் பச்சை அடிக்க நாலு நாள் என்று வந்தவர் பதினைந்து நாள் அடித்தார். அந்தச் சுவரில் அத்தனை கோட்டிங் எதற்கு என்று அப்பாவுக்கு ஒரு வாரத்திலேயே புரிந்துவிட்டது. மகள் நிவேதா காரைக்காலில்தான் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதில், சண்டை முடிந்து ஆட்கள் ஊர் திரும்பத் தொடங்கியிருந்தார்கள், நாங்களும் வந்தோம். "கொஞ்ச நாள் பாப்பம், பிடிக்காட்டி திரும்பிடுவம்" என்று சொல்லித்தான் அவர் கூட்டிவந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, வேறென்ன.

3

இங்கே பார் பகல் பதினொன்றுக்குத் திறந்து இரண்டுக்குச் சாத்தும். மறுபடி மாலை ஐந்துக்குத் திறக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், உப்புவெளி மீன்பிடிக்காரர்கள், சீனன்குடாவில் வேலை முடித்து வருகிறவர்கள் எல்லாம் வருவார்கள். வெள்ளைக்காரர்கள் உப்புவெளி கடற்கரையோடு நின்றுகொள்வார்கள், எங்கள் பக்கம் வரமாட்டார்கள். ரவி கவுண்டரில் நிற்கிறார். நான் பின்னால் பைட்ஸ் செய்கிறேன். நாம் சைட் டிஷ் என்று சொல்வதற்கு இங்கே பைட்ஸ் என்று பெயர். கணவாய்ப் பொரியல், மிளகாயில் பிரட்டி டெவல் பண்ணின கோழி, தாளிச்ச கடலை. நெத்திலி மட்டும் எங்கள் வாஞ்சூர் பக்குவம். "குசினிக்குள்ள ஒரு இந்தியன் மனுசி இருக்கிறா, அவன்ர நெத்திலிக்கு வாடா" என்று ஒருவன் நண்பனைக் கூப்பிட்டதை யன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். என்னை அவன் என்றதைக்கூட மன்னித்துவிட்டேன், அவன் அப்போது மூன்றாவது அரைப் போத்தலில் இருந்தான்.

அந்த யன்னல் வழியாக மட்டும்தான் எனக்கு ஆட்கள் தெரிவார்கள். தட்டு போகும், வெறும் தட்டு வரும். முன்பக்கம் நான் போகக் கூடாது. பாரில் பெண் வேலை செய்வதைப் பற்றிச் சட்டம் சரியாக என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. மதுவரிக்காரர் வந்தால் பின்கதவால் போய்விடு என்பது முதலாளியின் சட்டம். அது தெரியும். போதாததற்கு என்னிடம் விசாவும் இல்லாமல் இருந்தது. ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் இருக்கிற கோழிக்கூட்டுப் பக்கம் போய் நிற்பேன். ஒருமுறை அவர்கள் சோதனைக்கே வரவில்லை, சும்மா நெத்திலி சாப்பிட வந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் அந்தக் கோழிகளோடு நின்றேன். கடைசியில் உள்ளிருந்து "நெத்திலி எங்க?" என்று சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

நிவேதாவுக்கு இப்போது பதினைந்து வயது. அவள் இந்த ஊர்ப் பிள்ளை. நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் மெதுவாக இழுத்து ஓரமாக நிற்கவைப்பாள்.

"அம்மா, ரீச்சரோட கதைக்கேக்க 'ஆமாங்க, ஆமாங்க' எண்டு சொல்லாதேங்கோ. பிள்ளையள் சிரிக்கினம்."

"வேற என்னடி சொல்றது?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். குசினியில் நாள் முழுக்க ஓம்தான் சொல்கிறேன். ஆனால் பயந்துபோய் நிற்கிற இடத்தில் பிறந்த ஊர்ப் பேச்சுத்தான் வாயில் வருகிறது, நான் என்ன செய்ய? அம்மா என்ன வேலை என்று கேட்டால் 'சமையல்' என்று மட்டும் சொல்கிறாள். எங்கே என்று சொல்வதில்லை. நானும் என் காலத்தில் பள்ளிக்கூடத்தில் அப்பா 'வியாபாரம்' என்றுதான் சொன்னேன். அதனால் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

4

முதல் மூன்று வருஷம் விசா ஒழுங்காகத்தான் இருந்தது. வெளிநாட்டு மனைவிக்கு விசா வேண்டுமென்றால் புருஷனும் கூட வர வேண்டும். 'இவர் என் மனைவி, இவர் என்னுடன் இந்த நாட்டில் வசிப்பதை விரும்புகிறேன்' என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிராம சேவகரின் கடிதம், கல்யாணப் பத்திரம் எல்லாம் சேர்த்து, இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், பகல் முழுக்க வரிசையில் இருந்து, மறுபடி இரவு பஸ் ஏறி வருவோம்.

அதற்குப் பிறகுதான் இருவரும் இந்த பாரில் சேர்ந்தோம். ஒருவர் இல்லாவிட்டால் கவுண்டர் நிற்கும், இன்னொருவர் இல்லாவிட்டால் குசினி நிற்கும். இரண்டு பேரும் ஒரே நாளில் போனால் கடையே நிற்கும். விசா முடியப் போகிறது என்று சொன்னேன்.

"முதலாளி ரெண்டு பேரையும் ஒண்டா விடமாட்டார். அடுத்த மாசம் பாப்பம்" என்றார் ரவி.

அடுத்த மாதம் கடையில் கூட்டம். அதற்கடுத்த மாதம் கோயில் திருவிழா. தேதி போயே போய்விட்டது. தேதி போன பிறகு, இனிப் போனால் என்ன கேட்பார்களோ என்ற பயம் சேர்ந்துகொண்டது. எனக்கு முதலாளி மேல் கோபமான கோபம். குணண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், ஊரில் நல்ல மனுஷன் என்று பெயர். நான் மட்டும் மனதுக்குள் அவருக்குக் கொடுத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது. ஒன்பது வருஷம் அவர் தட்டில் உப்பைக் கூட்டிப் போட்டிருக்கிறேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஃபோனில் கேட்பார். "எப்பம்மா வர்றே?"

"விசா இல்லப்பா."

"அந்த முதலாளிகிட்ட நான் வேணா பேசட்டுமா? நானும் பார் நடத்துனவன்தானே."

அவருக்கு இப்போது கடை இல்லை, முழங்காலும் இல்லை. தம்பி கைத்தாங்கலாகப் பிடித்தால்தான் வாசல் வரை வருகிறார். அப்படி இருக்கிறவர் கடல் கடந்து என்னைப் பார்க்க வருவது நடக்கிற காரியமில்லை. நான்தான் போக வேண்டும், அவர் என்னை அடையாளம் கண்டுகொள்கிற காலத்திலேயே.

5

மூன்று மாதத்துக்கு முன்னால் ரவிக்குக் காய்ச்சல். அன்றைக்குக் குணண்ணையே கவுண்டரில் நின்றார். பகல் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, சாப்பிட குசினிக்குள் வந்து உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன்.

"பிள்ளை, இப்ப கப்பல் எல்லாம் ஓடுது. ஒருக்கா போய் அப்பாவைப் பாத்திட்டு வாவன்."

கையில் கரண்டி இருந்தது. வாயை அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை.

"எப்படிண்ணே போறது? விசா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. நீங்க எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாள் லீவு குடுத்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"நான் எப்ப பிள்ளை மறிச்சனான்?"

"இவர் கேட்டப்பல்லாம் ஏலாதுன்னு சொன்னீங்களாமே."

"உன்ர மனுசன் ஒருநாளும் என்னட்டக் கேக்கேல்லையே. ஒரு நாளுக்குக் கடையைப் பூட்டினா நான் என்ன செத்தே போடுவன்? அந்த நேரம் நானே அவனிட்டச் சொன்னனான், 'விசா அலுவலைப் பாரடா தம்பி' எண்டு. தான் பாத்திட்டன் எண்டானே."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தெரியும். நான் மீன் குழம்பை ஊற்றினேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் அவருக்குச் சரியான உப்பில் பரிமாறினேன்.

6

வீட்டுக்குப் போனேன். ரவி காய்ச்சலோடு கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான்.

"குணண்ணன்கிட்ட நீங்க ஒரு தடவைகூட லீவு கேக்கலையாமே?"

"ஆர் சொன்னது?"

"அவரே சொன்னார்."

கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம். கேக்கேல்லை."

"ஏன்?"

"விசா இருந்தா நீர் போவீர்."

"போய்ட்டு வருவேன்!"

"வரமாட்டீர். அந்த நேரம் நீர் ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டு இருந்தனீர். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனா எனக்கு ரெண்டு பேரும் இல்லை. கடலால போனவை ஒருத்தரும் எனக்குத் திரும்பி வரேல்லை. நானே எங்கட அம்மாவிட்டத் திரும்பிப் போகேல்லை. நான் வரேக்க அவ உயிரோட இல்லை."

இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. காய்ச்சல்காரர் என்றும் பார்க்கவில்லை, கத்தினேன். "ஒன்பது வருஷம் என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, சாவியையும் மடியில வெச்சுக்கிட்டு, பழியை அந்த மனுஷன் மேல போட்டீங்களே! எங்கப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டாரே, அப்ப பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க? பாவம்னு தோணலையா உங்களுக்கு?"

"தோணினது" என்றார். அவ்வளவுதான்.

உள்ளே படித்துக்கொண்டிருந்த நிவேதா வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அப்பா, நீங்கள் செய்தது பெரிய பிழை" என்று அவரைப் பார்த்து நேராகச் சொன்னாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா அம்மா, அண்டைக்கு நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தா நான் இப்ப அங்க ஆரா இருந்திருப்பன்? எனக்கு யோசிக்கவே ஏலாமக் கிடக்கு."

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. வெங்காயத்தோடு மட்டும் பேசினேன், அதற்கு எல்லாம் தெரியும். மூன்றாம் நாள் கணவாய் கழுவிக்கொண்டிருக்கும்போது என்னை நானே ஒன்று கேட்டுக்கொண்டேன். அந்த வருஷம் கையில் விசா இருந்து, படகோ விமானமோ கிடைத்திருந்தால், போய்விட்டுத் திரும்பியிருப்பேனா? சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பியிருக்க மாட்டேன். எனக்கு அப்போது இந்த ஊரும் பிடிக்கவில்லை, பேச்சும் பிடிக்கவில்லை, அவரையும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் "இனிப் போகமாட்டேன்" என்று சொல்ல வேண்டிய வாசகத்தைக்கூட மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கண்டுபிடித்திருக்கிறார். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் அதற்குப் பிறகு முழுக் கோபத்தோடு என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

7

குணண்ணை எங்களைக் கொழும்புக்கு அனுப்பினார். கடையைப் பூட்டாமல் அவர் கவுண்டரில் நின்று, மனைவியைப் பைட்ஸ் செய்ய வைத்திருக்கிறார். உப்புவெளிக்காரர்கள் கடலையை வாயில் போட்டுவிட்டு "இந்தியா அக்கா எப்ப வருவா?" என்று கேட்டார்களாம்.

கந்தோரில் ஒரு சிங்களப் பெண் அதிகாரி. என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு பிந்தியது என்று ரவியிடம் சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் யன்னல் வழியாகக் கேட்ட பார் சிங்களம்தான். இன்னொன்று கொண்டுவா, ஐஸைக் குறை, இந்த மாதிரி. ரவி தலையைக் குனிந்துகொண்டு இரண்டே சொல் சொன்னார். "மகே வரத." அது எனக்குப் புரிந்தது. சண்டை போட்டுவிட்டு அழுகிற குடிகாரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சொல்வது அது. பிழை என்னுடையது.

அந்த அம்மா ஒரு தாளை நகர்த்தினார். ரவி எழுதினார். அவர் எழுதுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'விரும்புகிறேன்' என்ற சொல்லுக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதி முடித்தார்.

நாலு தடவை அலைந்தோம். அபராதத்தைப் பற்றிப் பேசினால் வயிறு எரியும், விடுங்கள். போன வாரம் முத்திரை விழுந்தது. போகலாம், திரும்பி வரலாம், இரண்டுக்கும் அனுமதி. கையில் வாங்கிப் பார்த்தபோது சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வந்தது பயம்.

இன்று மத்தியானம் அப்பாவுக்கு வீடியோவில் எடுத்தேன். தம்பி ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தான். ரவி கதிரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதா மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, விசா கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் வர்றேன்."

அவர் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தார். கொஞ்ச நேரம் துண்டு மட்டும்தான் தெரிந்தது.

"பாப்பாவும் வருதா?"

"அவளுக்குப் பரீட்சைப்பா. நான் மட்டும்தான்."

"மாப்பிள்ளை?"

"அவருக்கு வேலை இருக்கு."

அப்பா ஃபோனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"வந்தா திரும்பப் போயிடுவியா?"

ரவியின் பேப்பர் நான் பேசத் தொடங்கியதிலிருந்து ஒரு பக்கமும் திரும்பவில்லை. நிவேதாவின் பேனாச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

"போயிடுவேன்ப்பா" என்றேன்.

"ம்" என்றார் அப்பா. தம்பி பின்னால் ஏதோ சொன்னான், அவர் கையைக் காட்டி அவனை அடக்கினார்.

"எத்தனை நாள் கழிச்சும்மா?"

ரவி பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. பத்து நாள் என்று சொன்னால் ஒருவர் அழுவார், ஒரு மாதம் என்று சொன்னால் மற்றவர் அழுவார்.

"வந்து சொல்றேன்ப்பா" என்று ஃபோனை வைத்துவிட்டேன்.